அலையே இல்லை... படகு ஏன் ஆடியது?

"அலைதான் இல்லையே, அப்புறம் ஏன் அந்த ஆட்டம் ஆடுச்சு?"

படகுத்துறையில் கால் வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா, அக்கா, அக்காவின் ஏழு வயது மகன், நான். நாலு பேரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஸ்பீடு போட்டில் ஏறினோம். தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. படகு வேகம் எடுக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு மூக்கு லேசாக இடப்பக்கம் திரும்பியது. ஓட்டிய பையன் வலப்பக்கம் திருப்பினான். உடனே அது வலப்பக்கம் அதிகமாகத் திரும்பியது. அவன் மறுபடி இடப்பக்கம். மூன்றாவது, நான்காவது முறை படகு திரும்புவது மட்டுமல்ல, தொட்டில் மாதிரி பக்கவாட்டில் சாயவும் ஆரம்பித்துவிட்டது. குட்டிப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் இடுப்பைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஓட்டிய பையன் வேகத்தைக் குறைத்தான். ஆட்டம் நின்றது. மெதுவாகவே கரைக்குத் திரும்பினோம். எந்த இடம், யார் நடத்துகிற படகு என்பது இங்கே முக்கியமில்லை. கரையில் நின்ற ஒருவர் அந்தப் பையனிடம் சொன்ன வார்த்தைதான் முக்கியம்: "இந்த போட்ட அப்படி ஓட்டக் கூடாதுடா. அண்ணன் ஓட்டுற மாதிரி ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சே ஓட்டணும்." வழக்கமாக ஓட்டுகிறவர் அன்றைக்கு விடுப்பாம்.

அம்மாவின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பகுதியில் மிக்ஸி, குக்கர், ஸ்கூட்டர் என்று வீட்டுச் சாமான்களைப் பற்றியே எழுதிவந்த நான், இந்த வாரம் படகுப் பக்கம் போனது அதனால்தான்.

தாளம் போட்டு ஆடினால்...

காசிமேட்டில் அவுட்போர்டு என்ஜின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். கை நிறைய கிரீஸ். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அலை ஆட்டுனா போட்டு கன்னாபின்னான்னு ஆடும்மா. ஒரு தாளம் இருக்காது. தாளம் போட்டு ஆடுச்சுன்னா தண்ணியைப் பார்க்காத, பின்னாடி போய்ப் பாரு."

பின்னாடி என்றால், என்ஜின் மாட்டியிருக்கும் இடம். அங்கே இருப்பது வெறும் என்ஜின் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவுட்போர்டு படகில் தனியாகச் சுக்கான் கிடையாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின்னால் தொங்கும் முழு என்ஜினும் திரும்புகிறது. விசிறி எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறதோ, அதை வைத்துத்தான் படகு திசை மாறுகிறது. ஓட வைப்பதும் அதுதான், திருப்புவதும் அதுதான்.

ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவில் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு என்ஜினிலிருந்து இன்றைக்கு வரை அடிப்படை அதேதான். 1959-ல் வால்வோ பென்டா நிறுவனம் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. அதில் என்ஜின் படகுக்குள் உட்கார்ந்திருக்கும், விசிறியும் கியரும் உள்ள கால் மட்டும் வெளியே தொங்கும். இதை ஸ்டெர்ன் டிரைவ் என்கிறார்கள். இதிலும் திசை மாற்றுவது அந்தக் கால்தான்.

அந்தக் காலும் அது மாட்டியிருக்கும் மூட்டுகளும் தேய்ந்தால் என்ன ஆகும்? அம்மாவின் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

கோன்செட் போன பைக் ஞாபகம் இருக்கிறதா?

பைக்கில் கோன்செட் தேய்ந்துபோனால் ஹேண்டில் பார் லேசாக ஆடும். இருபதில் போனால் தெரியாது. அறுபதைத் தொட்டால் முன்சக்கரம் உதற ஆரம்பிக்கும். படகிலும் அதே கதைதான். ஆனால், படகுக்குத் தரையில் பிடிமானம் கிடையாது.

மெதுவாகப் போகும்போது படகின் அடிப்பாகம் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும். நீளமாகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது சுலபத்தில் திசை மாறாது. வேகம் கூடக் கூட முன்பாகம் தண்ணீரை விட்டு எழும்பி, படகு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது தண்ணீரைத் தொடுவது பின்பக்கத்துக் கொஞ்ச இடம் மட்டும்தான். மொத்தப் படகும் அந்தச் சின்ன இடத்தில் நின்று சமாளிக்கிறது. அதற்கு ஒட்டி, சற்றுப் பின்னால் இருப்பது நம்ம தேய்ந்த என்ஜின் மூட்டு.

"மூட்டுல ஆட்டம் இருந்தா என்னாகும்னா, நீ ஸ்டீயரிங்கைத் திருப்புவ. அது முதல்ல அந்த ஆட்டத்தைத் தின்னும். அப்புறம்தான் என்ஜின் திரும்பும்" என்றார் அண்ணன்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர். ஸ்டீயரிங் திருப்பியது என்ஜினுக்குப் போய்ச் சேர அரை விநாடி தாமதமானால் அதற்குள் படகு ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். திருப்பியும் திரும்பவில்லையே என்று ஓட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். அப்போது என்ஜின் பிடித்துக்கொள்கிறது, தேவைக்கு மேல் திரும்புகிறது. உடனே மறுபக்கம் திருப்புகிறார். மறுபடி அதே தாமதம், அதே அதிகப்படி. எங்கள் படகில் தாளம் போட்டது இதுதான். அலை போடவில்லை; தேய்மானமும் பதற்றமும் சேர்ந்து போட்டன.

'வி' வடிவ அடிப்பாகம் உள்ள அதிவேகப் படகுகளில் இது இன்னும் மோசமாகும். படகு ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புக்கு மாறி மாறிச் சாயும். ஒவ்வொரு சாய்வும் முந்தையதைவிடப் பெரிதாகும். 'சைன் வாக்கிங்' என்று இதற்குப் பெயர். மூட்டு இறுக்கமாக இருக்கும் படகிலேயே இதைச் சமாளிக்க நல்ல கை வேண்டும். ஆட்டம் கண்ட மூட்டோடு சமாளிப்பது ரொம்பவே கடினம்.

எது தேய்ந்தால் என்ன தெரியும்?

அண்ணன் ஒரு பழைய என்ஜினைப் படுக்கவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில், என்ஜின் இடவலமாகத் திரும்பும் குழாயும் அதற்குள் இருக்கும் புஷ்களும். கிரீஸ் வைக்காமல் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். ஒன்று புஷ் தேய்ந்து ஆடும், அல்லது இறுகிப்போய்த் திரும்பவே மறுக்கும். "ரெண்டுமே ஆபத்து. ஆடுறதை வெளிய காட்டாம இருக்க, சில பேர் பக்கத்துல இருக்கிற திருகை முறுக்கி டைட் பண்ணிடுவாங்க. ஆட்டம் தெரியாது. ஆனா தேஞ்சது தேஞ்சதுதானே?"

இரண்டாவது, ஸ்டீயரிங் கேபிளும் அதன் இணைப்புகளும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் உள்ளே காற்று புகுந்திருந்தாலோ ஆயில் கசிந்தாலோ, சக்கரம் பஞ்சில் சுற்றுவதுபோல இருக்கும்.

மூன்றாவது, என்ஜினை மேலும் கீழும் சாய்க்கும் அமைப்பு. டிரிம் என்பார்கள். விசிறி தள்ளும் கோணத்தை இது மாற்றுகிறது. கோணம் அதிகமாக வெளியே போனால் மூக்கு எழும்பி எழும்பி விழும், ஓங்கில் துள்ளுவதுபோல. பின்பக்கம் எடை அதிகமானாலும் இப்படி ஆகும். ஆனால் நேற்றுவரை துள்ளாத படகு, அதே ஆட்கள், அதே வேகத்தில் இன்றைக்குத் துள்ளுகிறது என்றால், டிரிம் சிலிண்டர் கசிகிறதா, அதன் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, விசிறி. கல்லில், மணலில் இடித்து ஓர் இதழ் வளைந்தாலும் போதும், அதிர்வு ஆரம்பிக்கும். அந்த அதிர்வு மேலே ஏறி பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்னும். நுனி மழுங்கிய விசிறி, திருப்பத்தில் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கும். தள்ளுவதே திருப்புவதும் என்பதால், விசிறி வழுக்கிய அந்த நொடியில் ஸ்டீயரிங்குக்கும் வேலை இல்லாமல் போகும்.

விசிறிக்கு நடுவே ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்தால் மோட்டார் ஓடும், பிளேடு ஓடாதல்லவா? இங்கேயும் அதேதான். என்ஜின் அலறும், படகு நகராது. சமையலறையில் நடந்தால் சட்னி தாமதம். எதிரே கப்பல் வரும்போது முகத்துவாரத்தில் நடந்தால்?

ஐந்தாவதுதான் எனக்கு ஆச்சரியம். பல என்ஜின்களில் விசிறிக்கு மேலே சின்னதாக ஒரு துடுப்பு போன்ற துண்டு இருக்கும். விசிறி ஒரே பக்கமாகச் சுற்றுவதால் ஸ்டீயரிங் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்பைச் சரிக்கட்டத்தான் அந்தத் துண்டு. பல மாடல்களில் அதையே துத்தநாகம் போன்ற உலோகத்தில் செய்து, என்ஜினின் மற்ற பாகங்களுக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் அதை அரிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அதாவது, தேய்வதற்காகவே படைக்கப்பட்ட துண்டு. அது கரைந்து காணாமல்போனால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இழுப்பு கூடிவிடும்.

ஸ்டெர்ன் டிரைவ் என்றால் இன்னொன்றும் உண்டு. வெளியே தொங்கும் காலைத் தாங்கும் வளையம், அதன் பேரிங், அதை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. ரப்பர் கிழிந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகும். திருப்பும்போது 'கர்ர்ர்' என்று உறுமினால் அதுதான். கவனிக்காமல் விட்டால் அதே கிழிசல் வழியாகப் படகுக்குள்ளேயே தண்ணீர் ஏறலாம்.

இத்தனையையும் சரிசெய்துவிட்டு, என்ஜினைத் தாங்கும் பின்பலகையை மறந்துவிட்டால் பயனில்லை. ஃபைபர் படகுகள் பலவற்றில் அந்தப் பகுதிக்குள் மரப்பலகை இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பாக இருந்தபடியே உள்ளே உளுத்துப்போகும். "மூட்டு புதுசு, சுவரு பழசு. எங்க நிக்கும்?" என்று கேட்டார் அண்ணன்.

கையில் ஒளிந்திருக்கும் தேய்மானம்

"இவ்வளவு தேய்ந்திருந்தால் தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியாதாண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. ஆனா தெரியாது" என்றார்.

அதன் அர்த்தம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புஷ் ஒரே நாளில் தேய்வதில்லை. இம்மி இம்மியாகத் தேய்கிறது. ஓட்டுகிறவரின் கையும் அதற்கேற்ப இம்மி இம்மியாகப் பழகுகிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகவே இழுத்துப் பிடித்தால், மூட்டில் இருக்கும் இடைவெளி ஒரே பக்கம் அழுந்தி நிற்கும், ஆட்டம் தெரியாது. எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது, எந்தத் திருப்பத்தில் முன்கூட்டியே திருப்ப வேண்டும் என்பதும் கைக்கே தெரிந்துவிடும். அவர் இதை யாரிடமும் சொல்வதில்லை. மறைப்பதற்காக அல்ல, அதை ஒரு கோளாறாகவே அவர் நினைப்பதில்லை. "இந்த போட்டு அப்படித்தான்" என்பதோடு முடிந்துவிடும்.

ஆனால், அலை ஒன்றின் மேல் ஏறி இறங்கும்போதோ, வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போதோ, அழுந்தியிருந்த இடைவெளி திடீரென்று மறுபக்கம் தாவும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கில் இருப்பது புது ஆள் என்றால்? எங்கள் ஞாயிற்றுக்கிழமை அதுதான்.

சுற்றுலாப் படகு மட்டுமல்ல. சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. அப்பா ஓட்டிய படகைப் பிள்ளை ஓட்டுகிறான், அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி எடுத்துப் போகிறான். படகு கை மாறுகிறது. அதன் கோளாறு பற்றிய அறிவு கை மாறுவதில்லை.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அதன் பிறகு படகில் ஏறும்போது நாமெல்லாம் தலைகளை எண்ணுகிறோம், லைஃப் ஜாக்கெட் கேட்கிறோம். நல்ல பழக்கம். 1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டமும் பதிவு, ஆய்வுச் சான்று என்று விதிகள் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு சான்றிதழுக்கும் அடுத்த சான்றிதழுக்கும் இடையில்தான் புஷ் தேய்கிறது.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஐந்து நிமிட வேலை

படகு கரையில், என்ஜின் அணைந்து, சாவி உங்கள் பையில் இருக்கும்போது செய்ய வேண்டியவை இவை:

* ஒருவர் ஸ்டீயரிங்கை அசையாமல் பிடிக்கட்டும். இன்னொருவர் என்ஜின் காலின் அடியில் இருக்கும் கத்தி போன்ற பாகத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழும். 'டக்' என்று கைக்குத் தட்டினால் அங்கே இடைவெளி இருக்கிறது.

* ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்புங்கள். எவ்வளவு திருப்பிய பிறகு என்ஜின் அசைகிறது என்று பாருங்கள். சக்கரத்தில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துவைத்தால், அடுத்த மாதம் அது கூடியிருக்கிறதா என்று தெரியும்.

* கியர் நியூட்ரலில் இருக்கும்போது விசிறியைக் கையால் சுற்றுங்கள். இதழ்கள் ஒரே கோட்டில் வருகின்றனவா? விசிறிக்குப் பின்னால் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா? அந்த நரம்பு ஆயில் சீலை அறுத்துவிடும்.

* கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. மினுமினுப்பாக உலோகத் துகள் தெரிந்தால் பல் தேய்கிறது.

* பின்பலகையைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் சந்தேகப்படுங்கள்.

பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது முழு சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் தினமும் ஓடும் படகுக்கு 100 மணி நேரம் சில வாரங்களிலேயே வந்துவிடும்.

பயணிகளான நமக்கு?

புஷ்ஷைக் கழற்றிப் பார்க்க நம்மால் முடியாது. ஆனால் ஓட்டுகிறவரின் கையைப் பார்க்கலாம். படகு நேராகப் போகும்போதும் அவர் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருந்தாலோ, ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தே ஓட்டினாலோ, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் எழுந்து நிற்காதீர்கள், ஒரு பக்கமாக ஒதுங்காதீர்கள். குழந்தையைத் தரையோடு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது, ஸ்டீயரிங்கைத் துரத்தாமல் நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது. சட்டென்று குறைத்தால் முன்பாகம் குத்தும். எங்கள் படகை ஓட்டிய பையன் பயந்துபோனாலும் வேகத்தைக் குறைத்தான். அதற்காக அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லையே என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று, என்ஜினை அணைக்கும் சிவப்புக் கயிறு. ஒரு முனை ஓட்டுகிறவர் உடலில், மறுமுனை சுவிட்சில் இருக்கும். அவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு சுவிட்சைப் பிடுங்கி என்ஜினை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு ஒரே பக்கம் திரும்பி, வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான உல்லாசப் படகுகளில், கயிறோ அதற்கு இணையான கருவியோ பூட்டி ஓட்டுவது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். நம் ஊரில் அந்தக் கயிறு பல படகுகளில் சுவிட்சோடு கட்டியே தொங்குகிறது. ஏறும்போது, "அண்ணே, அந்தக் கயித்தை மாட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டவர், கடைசியில் ஒன்று சொன்னார்.

"அப்போ அந்தப் பழைய டிரைவர் நல்லா ஓட்டுனதுதான் பிரச்னை. அவர் கொஞ்சம் மோசமா ஓட்டியிருந்தா, என்னைக்கோ ரிப்பேர் பண்ணியிருப்பாங்க."

அண்ணனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "அம்மாவை ஒரு நாள் ஷெட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.